ஜனவரி வரைக்கும் பார்க்கலாம்

கோட்டைக்குப்பம்
20.8.2024

அன்புள்ள தம்பி திருவேங்கடத்துக்கு,

அக்கா தேவகி எழுதுவது. நாங்கள் இங்கே சௌக்கியம். நீயும் சுபஸ்ரீயும் அங்கே சௌக்கியமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் மாமாவுக்கு இடுப்பு வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன் செய்தால் "வேலைல கீறேன்கா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. காகிதத்தை உன்னால் பாதியில் வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பாடு கூட்டம் நடந்தது. ஏரியில் சுத்துவலை கட்டி இறால் பிடிக்க யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டார்கள். அதில் நைனாவின் இடம், அவர் பிள்ளை என்பதால், இப்போது உன் பெயரில் இருக்கிறது. உன் முறை வரும்போதெல்லாம் உனக்குப் பதிலாக உன் மாமா போய் வலை கட்டுவார். இந்த வருஷம் தலைவர் மாசிலாமணி, இனி பதில் ஆள் இறங்கக் கூடாது என்று சொல்லி, ஒரு கெடுவும் வைத்துவிட்டார். முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிறது, இறால் உள்ளே வருவதே அருகிவிட்டது, கல்யாணமான பையன்கள் இடமில்லாமல் காத்திருக்கிறார்கள், ஊரிலேயே இல்லாதவன் பெயரை எதற்கு வைத்திருப்பது என்கிறார். "சுப்பா, உன் மச்சான் உள்ளயா வெளியயா? அடுத்த ஆவணிக் கூட்டத்துக்குள்ள சொல்லிடணும். ஒருதபா பேரை எடுத்தா எடுத்ததுதான்" என்று எல்லோர் எதிரிலும் உன் மாமாவிடம் சொன்னார்.

நான் கேட்பது ஒன்றுதான். உள்ளேயா, வெளியேயா? எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஒரே வார்த்தையில் எழுது.

உன் அக்கா,
தேவகி


ஒரகடம்
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி திருவேங்கடத்தின் வணக்கம். நானும் சுபஸ்ரீயும் நலம். மாமாவின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னாய். இங்கே நடப்பது ஒரு வார்த்தையில் அடங்காது. எங்கள் கம்பெனியில் இனி பெட்ரோல் காரே கிடையாதாம், எல்லாம் பேட்டரி கார்தானாம். மேனேஜர் கங்காதரன் சார் எங்களை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். ஜனவரியில் என்ஜின் லைனை மூடுகிறார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து என்ஜினுக்கு போல்ட் முடுக்கியவன். பேட்டரி காரில் என்ஜினே இல்லை, எதை முடுக்குவேன்? தரையில் எங்கள் லைனுக்குப் போட்டிருந்த மஞ்சள் கோட்டைச் சுரண்டிவிட்டு, பேட்டரி லைனுக்கென்று பச்சைக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் நின்று வேலை செய்யும் இடத்திலேயே பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு ஒருவன், "கொஞ்சம் தள்ளிக்கோ சார்" என்றான்.

வேலை போனால் ஊருக்குத்தான் வர வேண்டும். அதனால் என் பெயரை எடுக்க விட்டுவிடாதே. ஜனவரி வரைக்கும் பார்க்கலாம்.

அன்புடன்,
திருவேங்கடம்


கோட்டைக்குப்பம்
18.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் ஒத்தடம் பலிக்கவில்லை, உன் மாமா தைலத்துக்கு மாறிவிட்டார்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு, ஊருக்குத்தானே வருகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மாசிலாமணியிடம் "வந்துர்றான்" என்று சொல்லிவிட்டேன். நைனாவின் சுத்துவலையைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. லோகேஷும் உன் மாமாவும், பிள்ளையும் அப்பாவுமாக உட்கார்ந்து கிழிசலையெல்லாம் முடிந்து சரிசெய்கிறார்கள். வலை கட்ட லோகேஷே போய்ப் புதுக் கழிகள் வெட்டி வந்தான்.

பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரம் யாரோ சில பையன்கள் படகுக்குப் பேட்டரி மோட்டார் என்று கொண்டுவந்து, உன் மாமாவையும் ஏற்றிக்கொண்டு பசியாவரம் வரைக்கும் ஓட்டிக் காட்டினார்கள். போகும்போது சத்தமே இல்லாமல் ஜோராகப் போனது. திரும்பும்போது நடு ஏரியில் அதே மாதிரி சத்தமில்லாமல் நின்றுவிட்டது. உன் மாமாதான் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னா மோட்டாருபா இது, பேட்டரி தீந்தா நான்தான் மோட்டாரா?" என்று அவர் கேட்க, அந்தப் பையன்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு இடுப்புதான் போனது.

லோகேஷுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. பெயர் வைஷ்ணவி, நம் சனம்தான். தை மாதம் கல்யாணம். அதற்குள் நீ இங்கேயே வந்திருப்பாய்.

உன் அக்கா,
தேவகி


ஒரகடம்
25.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பயிற்சியில் இருந்தேன்.

என்ஜின் ஆட்களில் சிலரைப் பேட்டரி வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். அங்கே மோதிரம், அரைஞாண், சாவிக்கொத்து எதுவும் கூடாது. முழங்கை வரை ரப்பர் கையுறை. ஒருவன் பேட்டரியில் கைவைத்து வேலை செய்யும்போது இன்னொருவன் நீளமான கொக்கியோடு அவன் பின்னால் நிற்க வேண்டும். ஷாக் அடித்துவிட்டால் தொடாமல், கொக்கி போட்டு வெளியே இழுப்பதற்கு. நான் இப்போது கொக்கி பிடிக்கிறேன். நின்றால் போதும், நகரக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது.

ஆகவே வேலை போகாது, நான் வர வேண்டியிருக்காது என்று தோன்றுகிறது. ஆனாலும் என் பெயரை எடுத்துவிடாதே அக்கா. ஜனவரிக்கு முன்பே நிறுத்திவிட்ட பழைய என்ஜின் லைனைக் கம்பெனியும் இடிக்கவில்லை. பிளாஸ்டிக் போட்டு மூடித்தான் வைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய கம்பெனியே எதையும் விடாமல் வைத்திருக்கும்போது நான் மட்டும் ஏன் விட வேண்டும்?

அன்புடன்,
திருவேங்கடம்


கோட்டைக்குப்பம்
9.12.2024

தம்பி திருவேங்கடத்துக்கு,

உடம்பெல்லாம் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. என் தலைதான் வலிக்கிறது, அது உன்னால்.

வருகிறான் என்று மாசிலாமணியிடம் சொன்ன வாயால் இப்போது என்ன சொல்வேன்? கோயில் பக்கம் போனால் அவர் பார்ப்பார் என்று சுற்றுவழியில் போகிறேன். முடிந்து வைத்த வலையை மறுபடியும் பரணில் ஏற்றினோம். லோகேஷ்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

என்னோடு இறால் கூடை எடுத்து வரும் ருக்கு, ஆட்டோவில் அத்தனை பேர் நடுவில் கேட்கிறாள்: "இன்னா தேவகி, உன் தம்பி வராரா இல்லியா? எங்க இளவழகன் கல்யாணமாகி சும்மா குந்திகினு கீறான். அவரு வரலன்னா வரலன்னு சொல்லிட்டா நாங்களாவது கேப்போம்ல." நான் வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கம்பெனி பிளாஸ்டிக் போட்டு மூடி வைக்கலாம். மெஷினும் அவர்களுடையது, கட்டடமும் அவர்களுடையது. ஏரியை நீ எதைப் போட்டு மூடுவாய்? உன் இடத்தில் இறங்க வேண்டியவன் கரையில் நிற்கிறான். அவனுக்கும் கல்யாணம், குடும்பம் என்று இருக்கிறது.

பத்திரிகை வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடு. வரும்போது பதிலோடு வா.

தேவகி


ஒரகடம்
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். புது மருமகள் எப்படி இருக்கிறாள்? கல்யாணத்தில் உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீ பார்த்த பார்வையில் பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இங்கே எல்லாம் தலைகீழ். செய்து முடித்த பேட்டரி கார்கள் மைதானம் முழுக்க வெயிலில் நிற்கின்றன. வாங்க ஆள் குறைந்துவிட்டது. வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்களாம். (மாமாவிடம் கோல் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.) எல்லோருக்கும் பெட்ரோல் வண்டிதான் வேண்டுமாம். கங்காதரன் சார் திரும்பவும் படம் போட்டுக் காட்டினார். போன தடவை காட்டிய அதே படம்தான், அம்புக்குறி மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டார்கள். பச்சைக் கோட்டைச் சுரண்டி மறுபடி மஞ்சள் கோடு போடுகிறார்கள். பெயிண்ட் அடிப்பவன் அதே ஆள், இப்போது எனக்கு வணக்கம் சொல்கிறான். நான் பழையபடி போல்ட் முடுக்குகிறேன், மூன்று ஷிப்டும் ஓடுகிறது.

அதனால் "வெளியே" என்று எழுதிவிடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இது எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும்? அடுத்த ஜனவரி வரைக்கும் பார்க்கலாம் என்கிறார் சார். அதுவரை பெயர் இருக்கட்டும் அக்கா. இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்புடன்,
திருவேங்கடம்


கோட்டைக்குப்பம்
3.3.2025

திருவேங்கடத்துக்கு,

இங்கே சௌக்கியம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த ஜனவரி என்பது ஆவணிக்குப் பிறகு வரும். உன் கம்பெனியில் காலண்டர் இல்லையென்றால் ஒன்று அனுப்பிவைக்கிறேன்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறாய். வைஷ்ணவி நல்ல பெண். காலையில் எழுந்தால் பேச்சில்லாமல் எல்லா வேலையும் செய்கிறாள். லோகேஷ் அடுத்தவர் படகில் கடலுக்குப் போகிறான். கூப்பிட்ட நாளில் போகிறான், கூப்பிடாத நாளில் பெண்டாட்டி எதிரில் சும்மா உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டு ஏரிக்கரையில் போய் உட்காருகிறான். அங்கே மற்றவர்கள் வலை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று கொஞ்சம் யோசித்துப் பார். மூன்று ஷிப்டில் நேரமில்லை என்றால் விட்டுவிடு.

தேவகி


ஒரகடம்
12.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போன் செய்தால் மாமா எடுத்து, "அவ கடைக்குப் போயிருக்கா" என்கிறார். பக்கத்தில் உன் குரல் கேட்கிறது.

உனக்குச் சந்தோஷமான செய்தி. கம்பெனி கடைசியாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஹைபிரிட் என்று ஒரே காரில் பெட்ரோல் என்ஜினும் இருக்கும், பேட்டரியும் இருக்கும். தனியாகப் பேட்டரி காரும் கொஞ்சம் ஓடும். இரண்டு லைனும் சேர்ந்தே நடக்கும். தரையில் இப்போது மஞ்சள் கோடும் பச்சைக் கோடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் நடக்கத்தான் இடமில்லை.

இனி யாரும் எதையும் விட வேண்டியதில்லை பார். மாசிலாமணி தலைவரிடம் நானும் அப்படித்தான், உள்ளேயும் இருக்கிறேன், வெளியேயும் இருக்கிறேன் என்று சொல்.

லோகேஷ் எப்படி இருக்கிறான்? போன் செய்தால் எடுப்பதில்லை. அவன் அம்மா பிள்ளைதானே.

அன்புடன்,
திருவேங்கடம்


ஒரகடம்
1.7.2025

அக்கா,

இந்தத் தடவை நலம் விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று மதியம் கேண்டீனில் தட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவன், பேட்டரி லைனில் ஒப்பந்த ஆட்கள் போடும் சாம்பல் நிறச் சட்டை. சாதம் வாங்கத் திரும்பியவன் என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டான். லோகேஷ்.

சித்திரையிலிருந்தே இங்கேதான் இருக்கிறானாம். பொன்னேரியில் யாரோ காண்ட்ராக்டர் சேர்த்துவிட்டாராம். இத்தனை நாளும் நான் வரும் வழியில் வராமலே இருந்திருக்கிறான். "இன்னாடா இது, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"சொல்லி இன்னா மாமா ஆவப்போவுது. யாராவது வெலகினாத்தான ஏரில எனக்கு எடம். நீ வுடுவேன்னு அம்மா நெனச்சுகினு இருந்துச்சு. நீ வுடல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

பிள்ளைக்காக வலையை முடிந்து வைத்துக்கொண்டு எனக்காக என்று எழுதினாயா? வாய்விட்டு ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

திருவேங்கடம்


கோட்டைக்குப்பம்
8.7.2025

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். உனக்கு ரத்த அழுத்தம் என்று சுபஸ்ரீ போனில் சொன்னாள். உப்பைக் குறை.

வலை உனக்காகத்தான் இறங்கியது. நீ வந்திருந்தால் லோகேஷ் உன்னோடு கழி பிடிக்க வந்திருப்பான், அதுவே எனக்குப் போதும். நீ வரவில்லை என்று ஆன பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. ஏன் கேட்கவில்லை என்கிறாய். நைனா உனக்கு விட்டுப்போன இடம் அது. தம்பி வேலை போகுமோ என்று தவிக்கும் நேரத்தில் அக்கா அவன் இடத்தைத் தன் பிள்ளைக்குப் பிடுங்கிவிட்டாள் என்று ஊர் பேசும். ஊரை விடு, நீயே என்றைக்காவது நினைப்பாய். நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். நான் உள்ளேயா வெளியேயா என்று கேட்டால் நீ மஞ்சள் கோடு பச்சைக் கோடு என்று எழுதினாய்.

சித்திரையில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு அனுப்பம்பட்டில் ரயில் ஏறினான். நானும் வைஷ்ணவியும் போய் வழியனுப்பினோம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். உனக்கு எழுத உட்கார்ந்தால் அதைத்தான் எழுதுவேன், அதனால் எழுதவில்லை. உன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். இன்னும் தீரவில்லை, ஆனால் இப்போது சொல்லிவிட்டதால் கொஞ்சம் தேவலை.

விடுவதாக இருந்தால் இப்போதாவது விடு. கூட்டம் ஆவணி இரண்டாம் ஞாயிறு. விலகுகிறவன் காத்திருப்பவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லலாம். அந்தப் பையன் சீட்டுப் போடும்போது நேரில் நிற்க வேண்டும், அது பழைய கட்டுப்பாடு.

உன் அக்கா,
தேவகி


ஒரகடம்
20.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெளியே.

இத்துடன் தலைவருக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் இடத்தை விடுகிறேன், என் அக்கா தேவகி யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். லோகேஷிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினான்.

விட்டுவிட்டால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனாலும் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
திருவேங்கடம்


கோட்டைக்குப்பம்
6.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் மாமா தன் இடுப்பும் உன்னை விசாரித்ததாகச் சொன்னார்.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் லோகேஷைக் கூப்பிட்டேன். காலை முதல் ரயிலில் வந்துவிடு என்றேன். அவன் சொல்கிறான்: "அம்மா, இப்பத்தான் பேட்டரி லைனை மறுபடி பெருசு பண்றாங்கோ. என்னை நெரந்தரம் பண்ணாலும் பண்ணுவாங்கோ. எடம் மாமா பேர்லயே இருக்கட்டும்னு தலைவர்கிட்ட சொல்லிப் பாரும்மா. ஜனவரி வரைக்கும் பாக்கலாம்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து, உன் நம்பரைத்தான் தெரியாமல் போட்டுவிட்டேனா என்று பார்த்தேன். அவன் நம்பர்தான்.

மறுநாள் கோயில் வாசலில் மாசிலாமணி உன் தாளைப் படித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் மாமா தரையைப் பார்த்தார். லோகேஷ் பெயரைச் சொல்லி, ரயில் லேட்டு, வந்துகொண்டே இருக்கிறான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. எதிரில் ருக்கு கூடையோடு நின்றாள். அவள் பிள்ளை இளவழகன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றிருந்தான். போன வருஷமும் அப்படித்தான் நின்றான்.

"இளவழகன்" என்றேன்.

"இன்னா தேவகி, உன் புள்ளைக்கு வாணாமா?" என்றார் மாசிலாமணி.

"அவன் ஜனவரில சொல்றேன்றான். எறா அதுவரைக்கும் நிக்குமா தலைவரே?" என்றேன். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எழுதிக் கொடுத்ததை என் பிள்ளைக்கு வாங்கித் தர முடியாமல் வந்துவிட்டேன். நைனா இடம் நம் வீட்டை விட்டுப் போய்விட்டது. உன்மேலும் அவன்மேலும் கோபப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வலையையும் இளவழகனுக்கே கொடுத்துவிட்டேன். லோகேஷ் வெட்டிய கழிகளையும் உன் மாமாவே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். முதல் முறை இறங்கிய அன்றே ருக்கு ஒரு தட்டு நிறைய இறால் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வைஷ்ணவி பார்த்தாள், அவளும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் வறுத்துச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

இந்தக் கடிதத்தை லோகேஷிடமும் காட்டு. அங்கே ஒருவன் பேட்டரியில் கைவைத்தால் இன்னொருவன் கொக்கியோடு பின்னால் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, என் பிள்ளைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பார். உங்கள் சாரிடம் கேட்டு, முடிந்தால் நீயே நில். இதற்கும் ஜனவரி வரைக்கும் பார்க்கலாம் என்று பதில் எழுதாதே.

உன் அக்கா,
தேவகி